பந்து தண்ணீருக்குள் போனதா, பற்றைக்குள் போனதா? கோல்ஃபில் முடிவெடுக்கும் ஒழுங்கு

மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்ததும் வவுனியாவுக்கு வடக்கே எங்கள் ஊர் வயல்வெளியில் மூன்று குழிகள் வெட்டிக் கோல்ஃப் பழகுகிறோம். குறுக்கே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. இடப்பக்கம் தாமரையும் பன்னும் மண்டிய ஒரு மோட்டை (சிறு குளம்) இருக்கிறது. இங்கே கை பழகியவர்கள் பிறகு அனுராதபுரத்துக்கும் சீனக்குடாவுக்கும் போய் உண்மையான திடலில் ஆடுகிறார்கள். அடியில் அவர்கள் பின்தங்குவதில்லை. பந்து தண்ணீர்ப் பக்கம் போய்க் கண்ணில் படாமல் போனால் மட்டும் குழம்பிவிடுகிறார்கள்.

விதிகள் தெரியாததால் வரும் குழப்பம் அல்ல இது. தெரிந்த விதிகளை முன்பின்னாகப் பயன்படுத்துவதால் வருவது. இதை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டேன். ஆகவே ஒழுங்கு தவறாமல் எழுதுகிறேன். பிரித்தானியாவின் ஆர் அண்ட் ஏ, அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ. என்ற கோல்ஃப் அமைப்புகள் இரண்டும் சேர்ந்து வெளியிடும் விதிகள்தான் அடிப்படை. 2019இல் அவை பெரிதாக மாறின. 2023இல் மீண்டும் சில திருத்தங்கள் வந்தன. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆடாதீர்கள்.

1. அடிக்கும் முன் எல்லையை நடந்து பாருங்கள்

முன்னர் ‘நீர்த்தடை’ என்று சொல்லப்பட்டதற்கு இன்றைய விதியில் ‘தண்டப் பகுதி’ என்று பெயர். குளம், மோட்டை, ஆறு, வாய்க்கால், கடல் எல்லாம் இதற்குள் அடங்கும். ஆவணியில் வெடித்து வறண்டு கிடக்கும் வாய்க்காலும் தண்டப் பகுதிதான். தண்ணீர் இல்லை என்பதற்காக அது சாதாரண நிலமாகிவிடாது. எல்லை காட்டும் முளை அடிக்காமல் விட்டிருந்தாலும் அப்படியே.

முளையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தண்டத்தோடு (கணக்கில் ஓர் அடி கூட்டி) வெளியே வர இரண்டு வழிகள். சிவப்பு என்றால் மூன்று. நிறமே குறிக்கப்படாத தண்டப் பகுதி சிவப்பாகவே கொள்ளப்படும். எங்கள் வயலில் வாய்க்கால் மஞ்சள், மோட்டை சிவப்பு.

எல்லைக்கோடு முளைகளின் வெளிப்பக்கத்தைத் தொட்டுச் செல்கிறது. முளை உள்ளே சேர்த்தி. பந்தின் ஒரு சிறு பாகம் எல்லைக்கு உட்பட்ட நிலத்தையோ புல்லையோ தொட்டால் பந்து தண்டப் பகுதிக்குள் இருப்பதாகவே கணக்கு. இதில் முக்கியமானது ஒன்று உண்டு. முளைக்கும் தண்ணீருக்கும் இடையில் இருக்கும் காய்ந்த கரையும் தண்டப் பகுதி. முளைக்கு வெளியே வளர்ந்திருக்கும் கோரைப்புல் தண்டப் பகுதி அல்ல. அந்த வெளிக்கோரை எவ்வளவு உயரம், பந்தை மறைக்குமா என்பதை அடிக்கும் முன்பே பார்த்து வையுங்கள். நான்காம் பிரிவில் எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும்.

கையில் இருக்க வேண்டியவை: பேனாவால் உங்கள் அடையாளம் இட்ட பந்துகள் குறைந்தது மூன்று, ஒரு கைக்கடிகாரம், உங்கள் பையிலுள்ள மிக நீளமான மட்டை எது என்ற தெளிவு. அடையாளம் இல்லாத பந்தைக் கோரைக்குள் கண்டெடுத்தாலும் அது உங்களுடையது என்று காட்ட வழியில்லை. காட்ட முடியாத பந்து, கிடைக்காத பந்துதான்.

2. பந்து ஓயும்வரை கண்ணை எடுக்காதீர்கள்

கோணலாகப் போன பந்தைக் கண்டதும் புதியவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், அல்லது மட்டையைப் பார்க்கிறார்கள். அந்த இரண்டு நொடியில் கண்ணில் படவேண்டிய சான்று போய்விடுகிறது.

இரண்டு இடங்களை மனதில் பதியுங்கள். பந்து எந்த இடத்தில் எல்லையைக் கடந்தது என்பது ஒன்று. எங்கே மறைந்தது என்பது மற்றொன்று. தூரத்தில் அசையாத ஒன்றோடு சேர்த்துப் பதிவது நல்லது: ‘பாலை மரத்துக்கு ஒரு கை வலப்பக்கம்’, ‘இரண்டாம் முளைக்கும் மூன்றாம் முளைக்கும் நடுவில்’. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பந்து கடைசி நேரத்தில் வளைந்துவிடும். புறப்பட்ட திசையை வைத்து விழுந்த இடத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

உடன் ஆடுகிறவர்களிடம் உடனே கேளுங்கள். பந்து எங்கே போனது என்று கேட்பது ஆலோசனை கேட்பதாகாது. அதற்குத் தண்டமும் இல்லை.

3. நடக்கத் தொடங்கும் முன்: தற்காலிகப் பந்து அடிக்கலாமா?

பந்து காணாமல் போயிருந்தால் அடித்த இடத்துக்கே திரும்பி வந்து அடிக்க வேண்டியிருக்கும். அந்த நடையைத் தவிர்ப்பதற்காக அதே இடத்திலிருந்து முன்கூட்டியே அடித்துவைக்கும் இரண்டாம் பந்துதான் தற்காலிகப் பந்து. அதை எப்போது அடிக்கலாம் என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள்.

உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி, ‘பந்து தண்ணீரில் விழுந்திருக்குமா?’ என்பதல்ல. ‘தண்டப் பகுதியைத் தவிர வேறு எங்காவது அது காணாமல் போயிருக்க முடியுமா?’ என்பதுதான். முளைக்கு வெளியே உள்ள கோரையிலோ பற்றையிலோ இருக்கலாம், அல்லது திடலின் எல்லைக்கு வெளியே போயிருக்கலாம் என்று நினைக்க நியாயம் இருந்தால் தற்காலிகப் பந்து அடிக்கலாம். பந்து போயிருக்கக்கூடிய ஒரே இடம் தண்டப் பகுதிதான் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் தற்காலிகப் பந்துக்கு இடமில்லை. அப்படித் தெரிந்தும் அதே இடத்திலிருந்து இன்னொரு பந்தை அடித்தால், ஒரு தண்ட அடியோடு அதுவே ஆட்டப் பந்தாகிவிடும், அதாவது இனி அதையே தொடர்ந்து ஆட வேண்டும். நீங்கள் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் மாற்றமில்லை.

அடிக்கும் முன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ‘தற்காலிகப் பந்து அடிக்கிறேன்’ என்றோ ‘புரொவிஷனல்’ என்றோ சொல்லுங்கள். ‘இன்னொன்று அடிக்கிறேன்’ என்பது போதாது. சொல்லாமல் அடித்தால் அந்த இரண்டாம் பந்து ஆட்டப் பந்தாகிவிடும். பிறகு முதல் பந்து நல்ல புல்லில் கண்முன்னே கிடந்தாலும் அதைத் தொட முடியாது. இந்த இழப்பு முழுக்க முழுக்க ஒரு சொல்லால் வருவது. அதனால்தான் பழகும்போது இதை உரத்துச் சொல்ல வைக்கிறேன்.

சில திடல்களில், தண்டப் பகுதிக்குள் போன பந்துக்கும் தற்காலிகப் பந்து அடிக்கலாம் என்று உள்ளூர் விதி வைத்திருப்பார்கள். ஆட்டத்துக்கு முன், அடிகளை எழுதும் அட்டையின் பின்புறத்தை வாசியுங்கள்.

4. ‘ஏறத்தாழ நிச்சயம்’ என்றால் என்ன?

வழிகாட்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கிடைக்காத பந்தைத் தண்டப் பகுதியில் இருப்பதாகக் கொள்ள, அது அங்கே இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஏறத்தாழ நிச்சயமாக இருக்க வேண்டும். இதற்கு விதி ஒரு அளவும் தருகிறது: குறைந்தது 95 வீதம். நூறு தடவையில் ஐந்து தடவைக்கு மேல் சந்தேகம் வரக்கூடாது. ‘அங்கேதான் போயிருக்கும்’, ‘வேறெங்கே போகப்போகிறது’ என்பவை 95 வீதம் அல்ல. பக்கத்தில் தண்ணீர் இருப்பது சான்றாகாது. பந்து கிடைக்கவில்லை என்பதும் சான்றாகாது.

தண்ணீர் தெறித்ததைக் கண்டால்? பந்து போன அதே கோட்டில், அதே கணத்தில், நடு மோட்டையில் தெறித்தால் அது நல்ல சான்று. சத்தம் மட்டும் கேட்டால் பொறுங்கள். எங்கள் மோட்டையில் விரால் துள்ளும், மீன்கொத்தி பாயும். கரையோரம் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அடியில் களி இறுகிக் கிடக்கும். அங்கே பட்ட பந்து எகிறி மறுபக்கப் புல்லில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். வயல் வரம்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று எவராலும் சொல்ல முடியாது.

எனவே நிலத்தை வைத்துத் தீர்மானியுங்கள். எல்லைக்கு வெளியே மாடு மேய்ந்து மொட்டையாகக் கிடக்கிறது, பந்து அங்கே விழுந்திருந்தால் தூரத்திலிருந்தே வெள்ளையாகத் தெரியும், ஆனால் தெரியவில்லை என்றால் தண்ணீருக்குள் போனது ஏறத்தாழ நிச்சயம். எல்லைக்கு வெளியே இடுப்பளவு கோரை நிற்கிறது என்றால், பந்து அந்தத் திசையில் போனதை நான்கு பேர் பார்த்திருந்தாலும் நிச்சயம் இல்லை. கோரையும் அதே பந்தை விழுங்கியிருக்கலாம் அல்லவா?

நீங்கள் கண்டது மட்டும் தகவல் அல்ல. நியாயமான முயற்சியால், ஆட்டத்தைத் தாமதப்படுத்தாமல், பெறக்கூடிய தகவல் எல்லாம் கணக்கில் வரும். சென்ற பங்குனியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தம்பி அடித்த பந்து இடப்பக்கம் வளைந்து மோட்டையோரம் மறைந்தது. அவன் ஓடிப்போய்க் கோரையைக் கைகளால் விலக்கி விலக்கித் தேடினான். முழங்கை வரை கீறல். முப்பது அடி தள்ளி, பாலை மர நிழலில், தோளில் துவாயோடு ஒரு பெரியவர் நின்று மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்த பிறகுதான் தம்பி அவரிடம் போய், “ஐயா, பந்து விழுந்ததைக் கண்டீர்களா?” என்று கேட்டான். “கண்டேன் தம்பி. அந்தத் தாமரை இலையில் பட்டு உள்ளே போனது. நீங்கள் வேறு எதையோ தேடுகிறீர்கள் என்று நினைத்தேன்” என்றார். இலை இன்னும் ஒரு பக்கம் கவிழ்ந்தே கிடந்தது.

அந்தச் சாட்சி முதல் நிமிடத்தில் கிடைத்திருந்தால் சிவப்பு முளைக்குப் பக்கத்தில் பந்தைப் போட்டு ஆடியிருக்கலாம். தேடும் நேரம் முடிந்த பிறகு கிடைக்கும் நிச்சயத்துக்கு விதியில் மதிப்பில்லை. பந்து ஏற்கெனவே காணாமல் போனதாகிவிட்டது. தம்பி அடித்த இடத்துக்கே திரும்பி நடந்தான். ஆகவே முதலில் ஆளைக் கேளுங்கள், பிறகு கோரையை விலக்குங்கள். இந்த ஒழுங்கு மாறவே கூடாது.

5. மூன்று நிமிடம்

தேட மூன்று நிமிடம்தான். 2018 வரை ஐந்து நிமிடம் இருந்தது. பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் ஐந்து என்று சொல்வார்கள். நீங்களோ உங்கள் பையைச் சுமக்கும் கேடியோ தேடத் தொடங்கிய கணத்திலிருந்து நேரம் ஓடுகிறது. அடித்த கணத்திலிருந்து அல்ல. ஒருவரை நேரம் பார்க்க நிறுத்துங்கள்.

தேடும்போது தற்செயலாக உங்கள் கால் பந்தை அசைத்தால் தண்டம் இல்லை. இருந்த இடத்தில் திரும்ப வையுங்கள்.

மூன்று நிமிடம் முடிந்ததும் நிலை மூன்றில் ஒன்றாக இருக்கும்.

பந்து தண்டப் பகுதிக்கு வெளியே கிடைத்தது: அதை அப்படியே ஆடுங்கள். தற்காலிகப் பந்தைக் கைவிடுங்கள். அதற்கு அடித்த அடிகள் கணக்கில் இல்லை.

பந்து தண்டப் பகுதிக்குள் கிடைத்தது, அல்லது அங்கே இருப்பது ஏறத்தாழ நிச்சயம்: தற்காலிகப் பந்தைக் கைவிட்டே ஆகவேண்டும். தற்காலிகப் பந்து குழிக்கு இரண்டடி தூரத்தில் அழகாக நின்றாலும் அதை ஆட முடியாது. இங்கே மனம் உடைந்து வாதாடுகிறவர்கள் அதிகம். திரும்பி அடிக்கும் வழியைத் தேர்ந்தாலும் புதிதாக ஒரு பந்தைத்தான் அடிக்க வேண்டும்.

பந்து கிடைக்கவில்லை, நிச்சயமும் இல்லை: பந்து காணாமல் போனது. தற்காலிகப் பந்து தானாகவே ஆட்டப் பந்தாகிவிடுகிறது, தேர்வு இல்லை. தற்காலிகப் பந்து அடிக்காதவர், ஒரு தண்ட அடியோடு முன்பு அடித்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

நிச்சயம் என்று முடிவெடுத்து மாற்றுப் பந்தைப் போட்டுவிட்டீர்கள், உடனே பழைய பந்து புல்லில் கிடைக்கிறது என்று வையுங்கள். மூன்று நிமிடம் முடியாவிட்டாலும் பழைய பந்து ஆட்டத்தில் இல்லை. எனவே பந்தைப் போட அவசரப்படாதீர்கள்.

6. கடைசியாகக் கடந்த இடம்

எங்கே தெறித்தது என்பது இங்கே தேவையில்லை. பந்து தண்டப் பகுதியின் எல்லையைக் கடைசியாகக் கடந்த இடமே அளவுக்கு ஆதாரம். பந்து எல்லைக்கு மேலே பறந்து நாற்பது அடி தள்ளித் தெறித்திருக்கலாம். பெரும்பாலான புதியவர்கள் தெறித்த இடத்துக்கு நேரே கரையில் நின்று பந்தைப் போடுகிறார்கள்; அது பெரும்பாலும் குழிக்குக் கிட்டிய இடமாகிவிடுகிறது.

‘கடைசியாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பந்து மோட்டையின் ஒரு மூலையைத் தாண்டித் தரையில் விழுந்து, வரம்பில் பட்டு மீண்டும் உள்ளே உருண்டால், உருண்டு நுழைந்த இடம்தான் கணக்கு.

துருசு திறந்து வாய்க்கால் ஓடும்போது பந்து மிதந்தோ உருண்டோ கீழே போகலாம். நீரோட்டத்தோடு நடந்து போய் அங்கே இடம் குறிக்காதீர்கள். உள்ளே நுழைந்த இடம் மாறவில்லை. ஆனால் நீர் பந்தைத் திடலின் எல்லைக்கு வெளியே கொண்டுபோனால் அது வெளியே போன பந்துதான். திரும்பிப் போய் அடிக்க வேண்டும்.

இந்த இடத்தை அங்குலக் கணக்கில் கண்டுபிடிக்கும்படி விதி கேட்கவில்லை. நேர்மையோடு, கிடைக்கும் தகவலை வைத்து நியாயமாக மதிப்பிட்டால் போதும். பின்னர் அது சற்றுத் தவறு என்று தெரியவந்தாலும் தண்டம் இல்லை.

7. வெளியே வரும் வழிகள்

ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்ட அடி.

திரும்பிப் போவது: முன்பு எங்கிருந்து அடித்தீர்களோ அங்கிருந்து மீண்டும் அடிப்பது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உண்டு.

கோட்டில் பின்னே போவது: குழி, பந்து கடைசியாகக் கடந்த இடம், இவ்விரண்டையும் இணைக்கும் கோட்டைத் தண்டப் பகுதிக்குப் பின்னே நீட்டுங்கள். அந்தக் கோட்டில் எவ்வளவு தூரமும் பின்வாங்கலாம். இதுவும் இரண்டு நிறத்துக்கும் உண்டு. புதியவர்கள் பந்து பறந்து வந்த கோட்டில் பின்னே போகிறார்கள், அது தவறு. குழிக்கொடியைப் பார்த்து நின்று, கடந்த இடத்தைக் கண்ணுக்கும் கொடிக்கும் நடுவில் வைத்தபடி பின்னே நடவுங்கள், கோடு தவறாது.

பக்கவாட்டில் வெளியே வருவது: சிவப்புக்கு மட்டும். கடைசியாகக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்குக் கிட்டாமல், அதே தண்டப் பகுதிக்கு வெளியே.

எண்ணிக்கையைப் பாருங்கள். தொடக்க அடி தண்ணீருக்குள் போனது, ஒன்று. தண்டம், இரண்டு. அடுத்து நீங்கள் அடிப்பது மூன்றாம் அடி. திரும்பிப் போனாலும் பக்கத்தில் போட்டாலும் அதே மூன்றுதான், இடம்தான் வேறு. எனவே பக்கவாட்டு வழி எப்போதும் நல்லது என்று நினைக்காதீர்கள். எங்கள் மோட்டையோரம் இரண்டு மட்டை நீளத்துக்குள் எருமைக் குளம்படிக் குழிகள்தான் இருக்கின்றன. அங்கே போடுவதைவிட, கோட்டில் பின்னே போய்ச் சமதரையில் நிற்பது எத்தனையோ மேல்.

8. பந்தைப் போடும் முறை

மட்டை நீளம் என்பது உங்கள் பையிலுள்ள மிக நீளமான மட்டையின் நீளம்; பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டர் சேராது. அளந்து இரண்டு குச்சிகளால் எல்லை குறியுங்கள்.

முழங்கால் உயரத்திலிருந்து நேராக விடுங்கள். தோள் உயரத்திலிருந்து விடுவது 2019க்கு முந்தைய பழக்கம். அப்படி விட்டால் அடிக்கும் முன் மீண்டும் சரியாக விட வேண்டும். அது கணக்கில் சேராது. குறித்த பகுதிக்குள் விழுந்து அதற்குள்ளேயே நிற்க வேண்டும். உருண்டு வெளியே போனால் இரண்டாம் தடவை விடுங்கள். மீண்டும் போனால், இரண்டாம் தடவை தரையைத் தொட்ட இடத்தில் கையால் வையுங்கள்.

கோட்டில் பின்னே போகும்போது பந்து அந்தக் கோட்டின் மேலேயே தரையைத் தொட வேண்டும். தொட்ட இடத்திலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் நிற்க வேண்டும். இது 2023இன் மாற்றம்.

9. உள்ளேயே நின்று அடிப்பது

பந்து கண்ணுக்குத் தெரிந்தால் தண்டமின்றித் தண்டப் பகுதிக்குள்ளிருந்தே அடிக்கலாம். மட்டையால் நிலத்தைத் தொடலாம், தண்ணீரைத் தொடலாம், காய்ந்த இலையை அகற்றலாம். ஓடும் நீரில் நகரும் பந்தையும் அடிக்கலாம். நல்ல இடத்துக்கு வரட்டும் என்று காத்திருக்க மட்டும் கூடாது. ‘ஆட முடியாத பந்து’ என்று அறிவிக்கும் சலுகை இங்கே இல்லை.

எங்கள் பக்கத்துக் குளங்களில் முதலை உண்டு. கோரைக்குள் பாம்பு உண்டு. ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால் தண்டப் பகுதிக்குள்ளேயே பாதுகாப்பான இடத்துக்குத் தண்டமின்றி நகர விதி அனுமதிக்கிறது. தண்டத்தோடு வெளியேயும் வரலாம். கலங்கிய தண்ணீருக்குள் பந்துக்காகக் கால் வைக்காதீர்கள். பந்தைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. ஏறத்தாழ நிச்சயம் என்ற விதி அதற்குத்தான் இருக்கிறது.

10. தவறிவிட்டால்

நிச்சயம் இல்லாமலேயே சிவப்பு முளையோரம் பந்தைப் போட்டுவிட்டீர்கள், இன்னும் அடிக்கவில்லை என்றால், எடுத்துக்கொண்டு சரியான வழியில் போங்கள். அதற்குத் தண்டம் இல்லை.

அடித்துவிட்டால் காரியம் பெரிதாகிறது. காணாமல் போன பந்துக்கு ஒன்று, தவறான இடத்திலிருந்து அடித்ததற்கு அடி எண்ணும் ஆட்டத்தில் இரண்டு என மூன்று தண்ட அடிகள் சேரும். நேருக்கு நேர் ஆட்டத்தில் அந்தக் குழியையே இழப்பீர்கள். அடி எண்ணும் ஆட்டத்தில், தவறான இடம் பெரிய ஆதாயம் தந்திருந்தால் திரும்பிப் போய்த் திருத்த வேண்டும். அடுத்த குழியின் முதல் அடிக்கு முன்பே அதைச் செய்யாவிட்டால் போட்டியிலிருந்து நீக்கம்.

சந்தேகம் இருந்தால் அந்த இடத்திலேயே உடன் ஆடுபவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எந்த முளைக்கு அருகில் கடந்தது, யார் கண்டார்கள், எத்தனை நிமிடம் தேடினீர்கள் என்று அட்டையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். கையொப்பம் இடும் முன் நடுவரிடம் அந்தக் குறிப்பைக் காட்டிக் கேளுங்கள்.